ஒரு கேலிப் பேச்சில் கவிழ்ந்த தடை

2016 மார்ச் 16, புதன்கிழமை. கார்டிஃப் விரிகுடாவின் கரையில், வேல்ஸ் மலைகளில் வெட்டியெடுத்த ஸ்லேட் கல் பாவிய செனத் கட்டடத்தில் வேல்ஸ் தேசியப் பேரவையின் கடைசி அமர்வு நடந்துகொண்டிருந்தது. மே 5 அன்று தேர்தல். அதற்குள் முடிக்க வேண்டிய பெரிய வேலைகளில் ஒன்று பொதுச் சுகாதார மசோதா. வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 26, எதிராக 26. வாக்குகள் சமமானால் அவைத்தலைவரின் வாக்கு மசோதாவுக்கு எதிராகத்தான் விழ வேண்டும் என்பது அந்த அவையின் விதி. இரண்டு ஆண்டுக்கால ஆலோசனை, விசாரணை, திருத்தம் எல்லாம் அந்த ஒரு விதியில் முடிந்துபோயின.

தோற்ற மசோதாவில் எல்லோரும் பேசியது ஒரே ஒரு பிரிவைத்தான். வேப் எனப்படும் மின்-சிகரெட்டைப் பொது இடங்களின் கூரைக்குள் தடை செய்யும் பிரிவு அது. ஆனால் அன்று அதை வீழ்த்தியது நிகோடின் பற்றிய எந்த வாதமும் அல்ல. ஆளும் லேபர் கட்சியின் அமைச்சர் லெய்ட்டன் ஆண்ட்ரூஸ், விவாதத்தின் நடுவே வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளெய்ட் கம்ரியைச் சீண்டினார். முன்பு ஒருமுறை தங்களோடு உடன்பாட்டுக்கு வந்த அந்தக் கட்சியை, கொஞ்சம் செலவழித்தாலே வழிக்கு வந்துவிடும் ஜோடி என்ற பொருளில் கேலி செய்தார். இந்த மசோதாவில் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று தம் உறுப்பினர்களுக்குச் சுதந்திரம் கொடுத்திருந்த பிளெய்ட் கம்ரி, அதற்குப் பிறகு எதிர்த்து வாக்களித்தது.

இதனால் ஒரு வினோதம் நேர்ந்தது. பிரிட்டனில் முதல்முறையாக ஒரு சட்டமன்றம் வேப் தடையைச் சட்டமாக்கும் அளவுக்கு நெருங்கி வந்தது. எதிர்த்தவர்கள் வென்றார்கள். ஆனால் அவர்களுடைய வாதம் வென்றதா என்பது அவைக்குறிப்பைப் படித்தால் தெரியாது. அந்த வாதத்தைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதன் வேர் மின்-சிகரெட்டுக்கு வெகு முன்னால், வேல்ஸ் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் இருக்கிறது.

ரோண்டா என்பது கார்டிஃப் நகருக்கு வடமேற்கே இரண்டு கிளைகளாகப் பிரிந்து மேலேறும் பள்ளத்தாக்கு. ஆண்ட்ரூஸின் தொகுதியும் அதுதான். ஒரு காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்துக்குள் யாரும் புகைக்கக் கூடாது என்பது 1911ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கச் சட்டத்தின் கீழ் கண்டிப்பான விதி. கூண்டில் ஏறிக் கீழே இறங்குவதற்கு முன் தொழிலாளியின் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்கள். தீக்குச்சி, பைப், சிகரெட் எது அகப்பட்டாலும் வழக்கு. காரணம் மீத்தேன். 1913 அக்டோபர் 14 அன்று அதே நிலக்கரி வட்டாரத்தில் உள்ள செங்கெனித்தில் நடந்த வெடிப்பில் 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். பிரிட்டிஷ் சுரங்க வரலாற்றில் அதைவிடப் பெரிய சாவுக்கணக்கு இல்லை. எனவே கீழே இருக்கும்வரை புகையிலையை மெல்லுவார்கள். முறுக்கிய கயிறுபோல் விற்ற புகையிலையில் ஒரு துண்டைக் கடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் வாய் ஊறும், நிலக்கரித் தூசி தொண்டையில் ஒட்டாது என்பது அவர்களது நம்பிக்கை. மேலே வந்ததும் முதல் வேலை சிகரெட் பற்றவைப்பது.

ஆக, கூரைக்கடியில் புகைக்கத் தடை என்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. ஒருவன் கொளுத்தும் நெருப்பு பக்கத்தில் இருப்பவனைக் கொல்லும் என்ற நேரடிக் காரணம் அதற்கு இருந்தது. அதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

நுரையீரலைப் பற்றிய கணக்கும் அங்கேதான் தொடங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கார்டிஃப் அருகே லாண்டாக் மருத்துவமனையில் தூசிநோய் ஆய்வுப் பிரிவு ஒன்று இயங்கியது. அங்கே வேலைக்குச் சேர்ந்த ஆர்ச்சி காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 1950களில் ரோண்டா ஃபாக் என்ற கிளைப் பள்ளத்தாக்கின் மக்களை வீடு வீடாகத் தேடிப்போய் மார்பு எக்ஸ்ரே எடுக்கவைத்தார். வந்தவரை மட்டும் பார்ப்பது, வராதவரை விட்டுவிடுவது என்ற பேச்சே இல்லை. பத்தில் ஒன்பது பேரையாவது பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பக்கத்தில் உள்ள அபெர்டேர் பள்ளத்தாக்கை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார். ஒரு மருத்துவ முறை நல்லது என்று யாரோ பெரிய மருத்துவர் சொல்வதால் அது நல்லதாகிவிடாது, முறையாகப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று 1972இல் அவர் எழுதிய சிறு நூல் உலக மருத்துவத்தின் போக்கையே திருப்பியது. இன்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்புக்குக் காக்ரேன் என்றுதான் பெயர். இந்தக் கதையில் அந்தப் பெயர் மறுபடி வரும்.

தூசியா, புகையிலையா என்று பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வந்தது. 1998 ஜனவரியில் பிரிட்டிஷ் கோல் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், மூச்சுக்குழல் அழற்சியாலும் எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோயாலும் தவித்த முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு உண்டு என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் புகைத்தவர்களுக்குத் தொகை குறைந்தது. நிலக்கரி கெடுத்தது எவ்வளவு, சிகரெட் கெடுத்தது எவ்வளவு என்று ஆளுக்கு ஆள் பங்கு போட்டார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த கிழவர்களிடம், எந்த வயதில் சிகரெட் தொடங்கினீர்கள், நாளைக்கு எத்தனை என்று கேட்க வேண்டியிருந்தது. எது எவ்வளவு தீங்கு என்று அளந்து பேசும் பழக்கம் தெற்கு வேல்ஸுக்கு அப்படி வந்தது.

அடுத்தவர் புகை ஆளைக் கொல்லும் என்பதற்கான சான்று இதற்கு முன்பிருந்தே வேறு நாடுகளில் சேர்ந்துகொண்டிருந்தது. 1981இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா, தாம் புகைக்காத 91,540 மனைவியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கணவன் அதிகம் புகைத்தால் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்று காட்டினார். பிரிட்டனில் அந்த உண்மைக்கு ஒரு முகம் கிடைத்தது. தொலைக்காட்சியில் எல்லோருக்கும் தெரிந்த டிரம்பெட் கலைஞர் ராய் காஸ்ல், வாழ்நாளில் சிகரெட் பிடிக்காதவர், 1994இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். புகை மண்டிய கிளப்புகளில் ஆண்டுக்கணக்கில் வாசித்ததுதான் காரணம் என்று அவரே சொன்னார்.

2003 ஜனவரியிலேயே வேல்ஸ் பேரவை பொது இடப் புகைத் தடை வேண்டும் என்று வாக்களித்தது. ஆனால் சட்டம் போடும் அதிகாரம் அப்போது அதற்கு இல்லை. லண்டன் நாடாளுமன்றம் 2006ஆம் ஆண்டு சுகாதாரச் சட்டத்தின் வழியாக அதிகாரம் தந்த பிறகுதான் வழி பிறந்தது. 2007 ஏப்ரல் 2 முதல் வேல்ஸின் பப்புகளிலும் தொழிலாளர் கிளப்புகளிலும் சாம்பல் கிண்ணங்கள் மேஜையை விட்டுப் போயின. ஸ்காட்லாந்து ஓராண்டு முந்திக்கொண்டது, இங்கிலாந்து மூன்று மாதம் பிந்தியது. அந்தத் தடையின் நியாயம் ஒற்றை வரியில் அடங்கும்: பரிமாறுகிற பெண்ணும் கோப்பை கழுவுகிற பையனும் வேலைக்கு வந்த பாவத்துக்குப் பிறர் புகையை விழுங்க வேண்டியதில்லை. மதுக்கூட முதலாளிகள் முணுமுணுத்தார்கள், ஆனால் அந்த நியாயத்துக்கு அவர்களிடம் பதில் இல்லை.

இதற்குள் சீனாவில் வேறொரு வேலை முடிந்திருந்தது. சிகரெட்போல ஆனால் எரியாத ஒன்று என்ற யோசனை பழையது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் 1963இல் அதற்கு விண்ணப்பித்து 1965இல் காப்புரிமையே வாங்கிவிட்டார், ஆனால் தயாரிக்க ஆள் இல்லை. 2003இல் ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் சந்தைக்கு ஏற்ற வடிவத்தை உருவாக்கினார். அவரே கடுமையாகப் புகைத்தவர். அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். சில ஆண்டுகளில் அந்தச் சாதனம் பிரிட்டிஷ் கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

கையில் வைத்துப் பார்த்தால் ஒரு பேட்டரி, ஒரு சின்னத் தொட்டி, பஞ்சுத் திரி, அதைச் சுற்றிய உலோகக் கம்பிச் சுருள். தொட்டியில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, கூடவே நிகோடின். நாடக மேடையில் புகைமூட்டம் கிளப்புவதற்குப் பயன்படும் திரவமும் ஏறத்தாழ இதே சரக்குத்தான். இழுத்தால் சுருள் சூடாகிறது, திரியில் ஊறிய திரவம் ஆவியாகிறது. இழுப்பதை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடுகிறது. சிகரெட் அப்படி இல்லை. இழுக்கும்போது அதன் முனை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. சாம்பல் கிண்ணத்தில் வைத்த பிறகும் தன்பாட்டில் எரிந்து அறையை நிரப்புகிறது. பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பதில் பெரும்பங்கு அந்தச் சும்மா எரியும் புகைதான். தாரும் கார்பன் மோனாக்சைடும் எரிவதால் பிறப்பவை. மின்-சிகரெட்டில் எரிதலே இல்லை. அறைக்குள் வருவது பிடிப்பவர் வெளியே விடும் ஆவி மட்டும். அதிலும் நிகோடின் உண்டு, நுண்துளிகள் உண்டு. ஆனால் அளவு மிகக் குறைவு, கலைவதும் சீக்கிரம்.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல், மக்கள் நிகோடினுக்காகப் புகைக்கிறார்கள், ஆனால் தாரால் சாகிறார்கள் என்று 1976லேயே எழுதியிருந்தார். அவர் வழியில் வந்த ஆய்வாளர்களுக்கு இந்தச் சாதனம் நாற்பது ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த ஒன்று. புகைப்பவர்களும் அதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 2015இல் பிரிட்டனில் சுமார் 26 லட்சம் பெரியவர்கள் மின்-சிகரெட் பயன்படுத்தினார்கள் என்று புகைப்பழக்கத்தை எதிர்க்கும் ஆஷ் அமைப்பின் கணக்கெடுப்பு சொன்னது. ஐந்தில் மூவர் இன்னும் புகைப்பவர்கள், மீதி இருவர் புகையை விட்டவர்கள். ஒருபோதும் புகைக்காதவர் அந்தக் கூட்டத்தில் அரிது.

வேல்ஸ் அரசு இதை வேறு கண்ணால் பார்த்தது. சின்ன நாடு, ஆனால் பொதுநலச் சட்டத்தில் முந்திக்கொள்வதில் அதற்குப் பெருமை உண்டு. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையை உருவாக்கிய அன்யூரின் பெவன், டிரெடெகர் என்ற வேல்ஸ் சுரங்க ஊரில் பிறந்தவர். 2011 வாக்கெடுப்பில் பேரவைக்கு முழுச் சட்டமியற்றும் அதிகாரம் கிடைத்த பிறகு வேகம் கூடியது. 2011 அக்டோபரில் கடைப் பைக்கு 5 பென்ஸ் கட்டணம், 2015 டிசம்பரில் மறுப்புத் தெரிவிக்காதவரெல்லாம் உறுப்பு தானத்துக்கு ஒப்பியவர் என்று கொள்ளும் சட்டம். இரண்டிலும் பிரிட்டனில் வேல்ஸ்தான் முதல். 2014 ஏப்ரலில் வெளியான வெள்ளை அறிக்கை, கூரையுள்ள பொது இடங்கள் அனைத்திலும் மின்-சிகரெட்டைத் தடை செய்ய வேண்டும் என்று சொன்னபோது, அது அந்த வரிசையில் அடுத்த படியாகவே பார்க்கப்பட்டது.

சுகாதார அமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்டு, பின்னாளில் முதலமைச்சரானவர், சமூகக் கொள்கைப் பேராசிரியர். சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. ஆவி பக்கத்திலிருப்பவரைக் கொல்கிறது என்று அவர் வாதிடவில்லை. அவர் கவலை வேறு. 2007க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் ஒரு பப்பில், ஓர் ஓட்டலில் யாரும் புகைத்துப் பார்த்ததில்லை. வாயில் வைத்து இழுத்துப் புகைபோல விடும் ஒரு பொருள் அந்த இடங்களுக்குத் திரும்பி வந்தால், புகைப்பது சாதாரணம் என்ற எண்ணம் மறுபடி முளைக்கும். நிகோடினுக்குப் பழகும் பிள்ளை நாளை சிகரெட்டுக்குப் போகலாம். எது சிகரெட், எது வேப் என்று தூரத்திலிருந்து தெரியாமல் போனால் புகைத் தடையை அமல்படுத்துவதும் சிக்கல். ஆபத்து நிரூபணமாகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்பது அவர் நிலை.

துணைக்கு ஆள் இருந்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ஆதரித்தது. 2014 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமும் கூரைக்குள் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று அறிக்கை தந்தது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்றும் கையில் கிடைத்தது. வேல்ஸில் 10, 11 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 6 சதவீதம் பேர் ஒருமுறையாவது மின்-சிகரெட்டை இழுத்துப் பார்த்திருந்தார்கள், சிகரெட்டைத் தொட்டவர்களைவிட இது அதிகம். அதே ஆய்வின் இன்னொரு எண்ணை எதிர்த்தவர்கள் எடுத்துக்காட்டினார்கள். 11 முதல் 16 வயதுவரை உள்ளவர்களில் 12.3 சதவீதம் பேர் இழுத்துப் பார்த்திருந்தாலும், மாதம் ஒருமுறையாவது பயன்படுத்தியவர் 1.5 சதவீதம்தான்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது. வேப் கடைக்காரர்களும் கன்சர்வேட்டிவ்களும் எதிர்த்ததில் வியப்பில்லை. ஆனால் சிகரெட் நிறுவனங்களோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய ஆஷ் வேல்ஸ் அமைப்பும் எதிர்த்தது. மசோதாவின் மற்றப் புகையிலைப் பிரிவுகளை வரவேற்றது, இந்த ஒன்றை மட்டும் வேண்டாம் என்றது. கூரைக்குள் தடை போடப் போதிய சான்று இல்லை என்றது கேன்சர் ரிசர்ச் யுகே. பேரவையில் லிபரல் டெமாக்ரட் தலைவர் கிர்ஸ்டி வில்லியம்ஸ் முதலிலிருந்தே இந்தப் பிரிவை விடாமல் எதிர்த்தார். மசோதாவை ஆராய்ந்த சுகாதாரக் குழுவாலும் இதில் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை.

அவர்கள் சொன்னதன் சாரம் இது. புகைத் தடை நின்றது அடுத்தவருக்கு நேரும் தீங்கு என்ற காலின் மேல். புதிய தடையோ அடுத்தவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்பதன் மேல் நிற்கிறது. இரண்டும் ஒரே சட்டத்தின் நீட்சி அல்ல. பார்த்தால் சிகரெட்போல இருக்கிறது என்பதற்காக ஒருவரைத் தண்டிக்கலாம் என்றால், அந்தக் காரணத்துக்கு எல்லை எங்கே?

அதைவிட நடைமுறையான வாதம் பப்பின் பின்புறத்தில் இருந்தது. 2007க்குப் பிறகு பல பப்புகள் புகைப்பவர்களுக்கென்று வெளியே ஒரு கொட்டகை போட்டன. பிளாஸ்டிக் கூரை, சுவரில் ஒரு சாம்பல் பெட்டி, மழைநாளில் நெருக்கியடித்து நிற்கும் நாலு பேர். சிகரெட்டை விட்டு மூன்று வாரமான ஒருவர் வேப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் சொன்னால் என்ன ஆகும்? அவர் விட்டு விலக நினைக்கும் புகையின் நடுவிலேயே போய் நிற்பார். பழைய கூட்டாளி பாக்கெட்டை நீட்டுவார். இரண்டுக்கும் ஒரே குளிர், ஒரே மழை என்றால் மாறுவதற்கான காரணங்களில் ஒன்று குறைகிறது. தடையே சிகரெட்டுக்குச் சாதகமாகிவிடும் என்று ஆஷ் வேல்ஸ் போன்றவர்கள் அஞ்சியது இதனால்தான்.

2015 ஜூனில் மசோதா பேரவைக்கு வந்தது. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை தன் அறிக்கையை வெளியிட்டது. ஆன் மெக்நீல், பீட்டர் ஹாயெக் ஆகியோர் முன்னின்று தயாரித்த அந்த அறிக்கை, மின்-சிகரெட் சாதா சிகரெட்டைவிடச் சுமார் 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்றது. அந்த எண் எப்படி வந்தது என்று 'தி லான்செட்' இதழ் தலையங்கத்தில் கடிந்துகொண்டது. ஆய்வகத்தில் அளந்த எண் அல்ல அது, ஒரு சில நிபுணர்கள் கூடிப் போட்ட மதிப்பீட்டிலிருந்து எடுத்தது என்பது அதன் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. ஆனால் 95ஐ 90 என்று வைத்துக்கொண்டாலும், கூரைக்குள் பிடிப்பவரின் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆபத்து என்ற கேள்விக்குத் தடைக்காரர்களிடம் எண்ணே இல்லை. கடல் கடந்து நியூயார்க் நகரம் 2014 ஏப்ரல் முதல் தடையை நடைமுறைப்படுத்தியது, வேல்ஸ் அதன் வழியே போகலாம் என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தோ எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது.

டிரேக்ஃபோர்டு இறங்கி வந்தார். எல்லாப் பொது இடமும் என்பதைக் குறுக்கி, பிள்ளைகள் வரக்கூடிய இடங்கள் என்று மாற்றினார்: பள்ளிகள், சாப்பாடு பரிமாறும் இடங்கள், பொதுப் போக்குவரத்து போன்றவை. சமரசம் நியாயமாகத் தெரிந்தாலும், சட்டம் இன்னும் வினோதமாயிற்று. உருளைக்கிழங்கு வறுவலும் மீனும் சமைக்கும் பப்பில் வேப் குற்றம், சமையற்கட்டே இல்லாத பக்கத்துப் பப்பில் குற்றமில்லை. காற்று இரண்டிலும் ஒன்றுதான். பாதுகாக்கப்படுவது நுரையீரல் அல்ல, பார்வை என்பதை அந்தத் திருத்தமே ஒப்புக்கொண்டது.

கணக்குப் பார்த்தால் மசோதா நிறைவேறியிருக்க வேண்டும். 2011 தேர்தலில் 60 இடங்களில் லேபர் பிடித்தது சரியாக 30. பாதி உண்டு, பெரும்பான்மை இல்லை. எந்தச் சட்டத்துக்கும் எதிர்வரிசையில் யாராவது ஒருவர் கைகொடுக்க வேண்டும். 11 பேர் கொண்ட பிளெய்ட் கம்ரியில் சிலர் கைகொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் மசோதா கடைசி நாள்வரை வந்தது. கைகொடுக்க வேண்டியவரைக் கேலி செய்யக் கூடாது என்பது ஊர்ப் பஞ்சாயத்தில்கூடத் தெரிந்த சங்கதி. மசோதாவோடு சேர்ந்து போனவை ஏராளம்: புகையிலை விற்போர் பதிவேடு, பச்சை குத்துவோருக்கான உரிமம், அந்தரங்க உறுப்புகளில் துளையிடுவதற்கு வயது வரம்பு, பொதுக் கழிப்பறைத் திட்டம்.

தேர்தலில் ரோண்டா மக்கள் கணக்கை முடித்தார்கள். 2003 முதல் ஆண்ட்ரூஸ் வைத்திருந்த அந்தத் தொகுதியில் அவரை 3,459 வாக்குகளில் தோற்கடித்தவர் வேறு யாருமல்ல, பிளெய்ட் கம்ரியின் தலைவர் லியான் வுட். தடையை எதிர்த்த கிர்ஸ்டி வில்லியம்ஸ் தம் கட்சியின் ஒரே உறுப்பினராக மிஞ்சி, லேபர் அமைச்சரவையிலேயே கல்வி அமைச்சரானார். புதிய அரசு 2016 நவம்பரில் மசோதாவை மறுபடி கொண்டுவந்தபோது வேப் பிரிவு அதில் இல்லை. 2017 மே மாதம் அது சிரமமின்றி நிறைவேறியது.

வாக்கெடுப்புக்குப் பிறகு வந்த சான்றுகள் எதிர்த்தவர்கள் பக்கமே சாய்ந்தன. ஆறு வாரத்தில், 2016 ஏப்ரல் 28 அன்று, லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் தன் நீண்ட அறிக்கையில், வேப்பின் நெடுங்காலத் தீங்கு சிகரெட்டின் தீங்கில் 5 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்றது. அந்த ஜூலையில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை பணியிடங்களுக்கு அளித்த வழிகாட்டுதலில், வேப்பைப் புகையோடு ஒன்றாகப் போடாதீர்கள், வேப் பிடிப்பவர்களைப் புகைக் கொட்டகைக்குத் துரத்தாதீர்கள் என்றது. 2019இல் ஹாயெக் குழுவினர் 886 பேரிடம் நடத்திய சோதனையில், மின்-சிகரெட் பெற்றவர்களில் 18 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் புகைக்காமல் இருந்தார்கள். நிகோடின் பட்டை, சூயிங்கம் பெற்றவர்களில் 9.9 சதவீதம்தான். மறுபக்கமும் அதே சோதனையில் உண்டு: வெற்றி பெற்ற வேப் குழுவில் ஐந்தில் நால்வர் ஓராண்டு கழித்தும் வேப்பை விடவில்லை. 2022இல் காக்ரேன் அமைப்பின் திரட்டு, நிகோடின் பட்டை போன்றவற்றைவிட மின்-சிகரெட் புகையை விட உதவுகிறது என்பதற்கு உயர்ந்த உறுதியுள்ள சான்று இருப்பதாகச் சொன்னது. ரோண்டா ஃபாக்கில் கதவு கதவாகத் தட்டியவரின் பெயரில் அந்தத் தீர்ப்பு வந்தது.

சட்டம் தோற்றதால் வேல்ஸ் பப்புகள் ஆவியில் மூழ்கிவிடவில்லை. ரயில்களிலும் பெரிய பப் நிறுவனங்களிலும் உள்ளே வேப் கூடாது என்று உரிமையாளர்களே விதி போட்டுவிட்டார்கள். சில சிறு பப்புகள் அனுமதித்தன. பிடிக்காதவர் வேறிடம் போனார். தடையை எதிர்த்தவர்கள் கேட்டது இதைத்தான். எல்லா இடத்திலும் பிடிக்கலாம் என்று யாரும் கோரவில்லை. முடிவு அந்தந்தக் கடையின் கையில் இருக்கட்டும், நீதிமன்றத்தின் கையில் வேண்டாம் என்றார்கள்.

அவர்களுடைய வாதத்துக்குக் கடினமான சோதனை 2021க்குப் பிறகு வந்தது. வண்ண வண்ணமாக, பழ வாசனையோடு, ஐந்து பவுண்டு அளவில், தீர்ந்ததும் எறிந்துவிடும் வேப்கள் கடைகளில் குவிந்தன. ஆஷ் கணக்கெடுப்பின்படி, பிரிட்டனில் 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் வேப்பை ஒருமுறையாவது இழுத்துப் பார்த்தவர் 2020இல் 13.9 சதவீதம், 2023இல் 20.5 சதவீதம். வேப் பிடிக்கும் சிறாரில் எறியும் வகையைப் பயன்படுத்தியவர் 2021இல் 7.7 சதவீதம்தான், 2023இல் 69 சதவீதம். டிரேக்ஃபோர்டின் அச்சம் பலித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் எப்படிப் பலித்தது என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் பப் மேஜையில் பெரியவர் ஒருவர் ஆவி விடுவதைப் பார்த்துத் தொடங்கவில்லை. மிட்டாய் அடுக்கின் பக்கத்தில் அடுக்கியிருந்ததை வாங்கினார்கள், இணையத்தில் பார்த்தார்கள், பள்ளிக் கழிப்பறையில் பகிர்ந்துகொண்டார்கள். பள்ளிக்குள் வேப் எப்போதும் அனுமதிக்கப்பட்டதில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பது 2015 அக்டோபர் முதலே குற்றம், அமலாக்க ஆள்தான் போதவில்லை. பப்பின் கூரைக்கடியில் போடும் தடை இந்தக் கடைகள் எதையும் தொட்டிருக்காது. கடைசியில் வேலை செய்யத் தொடங்கியவையும் விற்பனையைப் பிடித்த சட்டங்கள்தான். 2025 ஜூன் 1 முதல் எறியும் வேப்களை விற்பது பிரிட்டன் முழுதும், வேல்ஸிலும், தடை.

புகைப்பவர் கணக்கு இதற்கிடையில் இறங்கிக்கொண்டே போனது. 2015இல் வேல்ஸ் பெரியவர்களில் 19 சதவீதம் புகைத்தார்கள். இடையில் கணக்கெடுப்பு முறை மாறியது என்றாலும், 2022-23இல் 13 சதவீதம். இதில் வேப்புக்கு எவ்வளவு பங்கு, விலையேற்றத்துக்கும் விளம்பரத் தடைக்கும் எவ்வளவு பங்கு என்பது வேறு கேள்வி. பப்பில் ஆவியைப் பார்த்துப் புகைப்பழக்கம் மறுபடி பரவும் என்ற கணிப்பு மட்டும் நடக்கவில்லை.

கூரைத் தடை என்ற யோசனை செத்துவிடவில்லை. 2024 நவம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட புகையிலை, வேப் மசோதா, 2009 ஜனவரி 1 முதல் பிறந்த எவருக்கும் புகையிலை விற்கக் கூடாது என்பதோடு, வேப் இல்லாத இடங்களை அறிவிக்கும் அதிகாரத்தையும் வேல்ஸ் உட்பட நான்கு நாட்டு அமைச்சர்களுக்கும் தருவதாக எழுதப்பட்டது. இந்த முறை எந்த அவையிலும் ஒவ்வோர் இடத்துக்கும் தனிச் சட்டம் வேண்டியதில்லை, விதிமுறை போட்டாலே போதும்.

அப்படி விதி எழுத உட்காருபவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேல்ஸின் மருத்துவமனை வளாகங்கள். 2017 சட்டத்தின் கீழ் 2021 மார்ச் 1 முதல் அங்கே திறந்த வெளியில்கூடப் புகைப்பது குற்றம். வேப்பைப் பற்றி அந்தத் தடை வாய் திறக்கவில்லை. வாயிலில் டிரிப் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு நுரையீரல் நோயாளி, சிகரெட்டுக்காகப் பெரும்பாலும் வளாகத்துக்கு வெளியே நடைபாதைவரை போக வேண்டும். வேப்புக்காக எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் நிர்வாகம் எழுதியிருக்கும் விதியைப் பொறுத்தது.